கண்ணாடி துடைத்தவர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் காளான் ஆராய்ச்சியாளர். எதற்கும் விடை கூறுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் மெலிந்த மனிதர். மருந்துக் காளானின் சாறு டெங்குக் கிருமியை ஒடுக்குவதை ஆய்வகத்தில் கண்டதாக ஒருமுறை சொல்லியிருந்தார். டெங்குவால் என் மகளின் இரத்தத் தட்டணுக்கள் மணிக்கு மணி சரிந்த அன்று, காவிரிப் பாலம் கடந்து அவரது ஆய்வகத்துக்கு விரைந்தேன்.

“ஒரு சொட்டாவது குடுங்க சார்.”

கண்ணாடியைத் துடைத்தார். “அது ஆய்வகத் தட்டுல வளர்த்த செல்லுல பார்த்தது சார். அளவு கூடினா நல்ல செல்லும் சாகுது. குழந்தைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது.”

“உங்க பொண்ணா இருந்தா?”

“அப்பவும் தெரியாதுங்க.”

மருத்துவமனைச் சிகிச்சையிலேயே மூன்றாம் நாள் அவள் தேறினாள்.

“அன்னிக்கு நீங்க குடுத்திருந்தா, காளான்தான் காப்பாத்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன் சார்” என்றேன், மாடிப்படியில் அவரைக் கண்டபோது.

அவர் மீண்டும் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார்.