இடியாப்ப மாவில் கட்டிய அறை

வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்டலாம் என்று நாங்கள் முடிவு செய்த அன்றே, அந்த அறைக்கு எத்தனை சுவிட்ச் வேண்டும் என்று என் கணவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். சுவர் எங்கே வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. நாகல் நகரில் மின்சாமான் கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான். ஊரில் எல்லோரும் வீட்டை அஸ்திவாரத்திலிருந்து நினைப்பார்கள், இவர் பிளக் பாயிண்டிலிருந்து நினைப்பார்.

அறை என் அப்பாவுக்காக. அம்மா போன பிறகு ஆத்தூரில் தோப்பு வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். மழைக்காலத்தில் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். தேங்காய் பறிக்க வந்தவர் பார்த்துத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. விஷயம் என் காதுக்கு வந்ததே அடுத்த வாரம்தான், அதுவும் அந்தத் தேங்காய்க்காரர் சொல்லி. அன்றிலிருந்து அப்பா போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும், எடுக்கும் வரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பேன். எங்களோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினால் எப்போதும் ஒரே பதில்தான்.

“எனக்குன்னு ஒரு ரூம் இருந்தா வாரேன் ஆத்தா. ஒங்க ஹால்ல கட்டிலப் போட்டுப் படுக்க மாட்டேன். வாரவுக போறவுகல்லாம் எம்மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போறதுக்கு நான் என்ன காலண்டரா?”

இருப்பதோ ஒரே படுக்கையறை. ஆகவே இன்ஜினியர் வந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் வாஸ்து பார்ப்பதில்லை. ஆனால் தென்மேற்கு மூலையில் கக்கூஸ் வரக் கூடாது என்பதில் என் கணவர் மலைபோல் நின்றார்.

“அந்த மூலையில காத்தோட்டம் பத்தாது சார்,” என்றார்.

இன்ஜினியர் சிரிக்காமல் தலையாட்டினார். அவர் கிளம்பும்போது நான் கேட் வரை போனேன். “தப்பா நெனைக்காதீங்க மேடம். ஒங்க ஆளுக யாருமே வாஸ்து கேக்க மாட்டாங்க. எல்லாரும் காத்தோட்டந்தான் கேப்பாங்க. ரெண்டுக்கும் ஒரே பிளான்தான் போடுவேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வரைபடம் வந்த ஞாயிறன்று அப்பாவும் வந்தார். ஆத்தூரில் பூசை முடிந்து, ஒரு பை கத்தரிக்காயோடு பஸ் ஏறி வருவது அவர் வழக்கம். சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விடுவார். வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

“இம்புட்டுக் காயிதத்துல நான் எங்கிட்டு மாப்ள காலை நீட்டுறது?”

மாமனார் கேட்டுவிட்டார் என்றால் மருமகன் சும்மா இருப்பாரா? அடுத்த ஞாயிறு அவர் முதல் பூசையே பார்த்துவிட்டு வந்து, நான் இரண்டாம் பூசையிலிருந்து வருவதற்குள், மின்கம்பி அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு பின்புறத்துக்குப் போய், அறையை அதே அளவில் தரையில் வரைந்து வைத்திருந்தார். நான்கு பக்கமும் வெள்ளைக் கோடு, வாசலுக்கு ஓர் இடைவெளி, சன்னலுக்கு இரட்டைக் கோடு. சுவிட்ச் வரும் இடங்களில் எல்லாம் புள்ளி. நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய் அடுப்படியில் டப்பாவைத் திறந்த பிறகுதான், அவர் சுவர் எழுப்பியது என் இடியாப்ப மாவில் என்று தெரிந்தது.

“வெள்ளையா இருந்துச்சு, கோலமாவுன்னு நெனச்சேன்,” என்றார். இத்தனை வருஷம் அந்த இடியாப்பத்தைத் தின்றவர் பேசுகிற பேச்சு இது.

அப்பா வந்து பார்ப்பதற்குள் எறும்புகள் சன்னலைத் தின்று முடித்து, கிழக்குச் சுவரில் பாதிக்கு வந்திருந்தன. அப்பா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். “கரையான் அரிச்ச வீட்டப் பாத்திருக்கேன் மாப்ள. எறும்பு தின்ன வீட்ட இப்பத்தான் பாக்கேன்.”

அதன் பிறகு கல்மாவு வாங்கி வரைந்தோம். அது நின்றது. அப்போதுதான் ஒரு வேடிக்கை தொடங்கியது. நாங்கள் அந்தச் சுவர்களுக்குக் கட்டுப்பட ஆரம்பித்தோம். காலையில் பல் துலக்கிக்கொண்டே குழாயடிக்குப் போகிற என் கணவர், குறுக்கே நடக்காமல் சுற்றிப் போய் வாசல் வழியாக நுழைந்து, அடுத்த பக்கச் சுவர் வந்ததும் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் மட்டும் என்ன, துணி காயப்போடும்போது கோட்டைத் தாண்டாமல் வெளியே நின்றே கை நீட்டிக் கிளிப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு நேராகச் சுவருக்குள் நடந்து வந்தபோது, “அக்கா, வாசல் அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

சுவர்தான் நின்றதே தவிர அறை நிற்கவில்லை. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குறை கண்டுபிடித்தார். சன்னல் மேற்கே வைத்தால் மூஞ்சியில் வெயில் அடிக்கும் என்றார், அழித்து வடக்கே போட்டோம். வாசல் அடுப்படியைப் பார்த்து இருந்தால் தாளிக்கிற நெடியில் தும்மல் வரும் என்றார், மாற்றினோம். கட்டிலை வடக்கே தலை வைத்துப் போட முடியாது, ரத்த ஓட்டத்துக்கு ஆகாது என்றார். மருமகனுக்குக் காத்தோட்டம், மாமனாருக்கு ரத்த ஓட்டம். கடைசியில் கொய்யா மரம் வந்தது. ஆயக்குடியிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து அப்பாவே வைத்துக் கொடுத்த மரம், கட்டிலைத் திருப்ப அறையை நீட்டியதில், இப்போது சரியாகக் கட்டிலுக்கு நடுவே நின்றது. வெட்டலாம் என்று கணவர் சொன்னார். “காய்க்கிற மரத்த வெட்டியா எனக்கு ரூம் போடுவீக?” என்று அப்பா கிளம்பிப் போய்விட்டார். மரத்துக்கு ஒதுங்கி அறை ஒடுங்கியது. இன்ஜினியர் எங்கள் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா வந்து, சன்னல் திரும்ப மேற்கேயே இருக்கலாமோ என்று இழுத்தார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

“வர இஷ்டமில்லைன்னா சொல்லிருங்கப்பா. சும்மா சன்னலக் கொற சொல்லாதீங்க. அங்க நீங்க மறுபடி விழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா? போனை நீங்க எடுக்குற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல, தெரியுமா?”

என் கணவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு மெல்ல உள்ளே போய்விட்டார். அப்பா கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இஷ்டமில்லாம இல்ல ஆத்தா. ரூம் ஆயிருச்சுன்னா வந்துரணும்ல. வந்துட்டா அந்த வீடு பூட்டுன வீடு. ஒங்கம்மா இருந்த வீட்ட எங்கையால பூட்டணும். அதான், இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்னு பாத்தேன்.”

எனக்கு அழுகைதான் வந்தது. அன்று அவர் சாயங்காலப் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார். கணவர் போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அந்த வாரத்தில் மழை வந்து கோடுகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிற்று. மறுபடி வரைய இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அப்பா சனிக்கிழமை வருகிறவர் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆட்டோவுக்குள் டிரங்குப் பெட்டி, சாய்வு நாற்காலி, அம்மா படம். அவற்றுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு அப்பா. கத்தரிக்காய்ப் பை மட்டும் இல்லை.

நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நேராகப் பின்புறம் போனார். ஈரத் தரையில் ஒரு கோடும் இல்லை.

“வாசல் கடைசியா எங்கிட்டு வச்சீக?”

காட்டினேன். அங்கே போய் நின்று, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். கொய்யா மரத்தைப் பார்க்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டினார்.

“சன்னல் சரியாத்தான் இருக்கு,” என்றார்.

வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, “ரூம் ஆகுற வரைக்கும் எங்க படுப்பீங்கப்பா?” என்று கேட்டேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஆத்தூர் வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“ஹால்ல கட்டிலப் போடு. நீங்க ரெண்டு பேரும் என்னைக்குக் கட்டி முடிக்க!”