மெஷின் பாட்டும் என் மனைவியின் காதும்

என் மனைவிக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் குக்கர் விசில்கூடக் கேட்காத நிலைக்கு வந்து நின்றது. போன வருஷம் காதுக்குப் பின்னால் அறுவை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே இன்னொரு துண்டு, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டியிருந்தால் கேட்கும், எடுத்தால் கேட்காது.

முதன்முதலாக அதைப் போட்ட அன்று ஆசையாக அவள் பெயரைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "யார் பேசறா? ஏதோ டின்னுக்குள்ளேர்ந்து பூச்சி கத்தறாப்ல இருக்கு" என்றாள். நான்தான் பேசினேன் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இது உங்க குரல் இல்லை."

எனக்கும் வலித்தது, மறைப்பானேன். நான் திருப்பதியில் கோயில் கோஷ்டியில் நின்று ஆழ்வார் பிரபந்தம் சொல்கிறவன். என்னிடம் இருக்கும் ஒரே சொத்து தொண்டைதான். சித்தூருக்குப் பெண் பார்க்கப் போனபோது இவள் என் மூஞ்சியைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை, குரலைக் கேட்டுத்தான் தலையாட்டினாள். இதை அவளே எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

மூளை போகப் போகப் பழகிவிடும், ஆனால் நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், தினமும் பயிற்சி வேண்டும் என்றார்கள். பயிற்சி மையம் சித்தூரில். வாரம் ஒரு தடவை பஸ்ஸில் போய் வந்தோம். முதல் வாரம் திரும்பி வரும்போது ஹாரன், கண்டக்டர், இன்ஜின் எல்லாம் அவளுக்கு ஒரே ரம்பமாகக் கேட்டிருக்கிறது. புத்தலப்பட்டு வருவதற்குள் காந்தத்தைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுவிட்டாள். "இதுக்கு ஒண்ணுமே கேக்காம இருந்ததே தேவலை. ஒரு மாசம் பாக்கறேன். அப்புறம் பீரோல வெச்சுப் பூட்டிடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். பூட்டிவிட்டால் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் திறக்க மாட்டாள். எனக்கு இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

பயிற்சி சுலபமானது. என் உதடு தெரியாதபடி அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "காபி" என்றேன். அவள் "கா…" என்று தயங்கினாள். "காபி, காபி" என்று நானே முடித்துவைத்தேன். "ஜன்னல்" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அதையும் நானே சொல்லிவிட்டேன்.

"ஆகண்டி சார்!" பயிற்சி கொடுத்த பெண் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். புத்தூர்க்காரி, தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவாள். "மேடம் யோசிச்சிக்கினு இருக்காங்க. நீங்க கேப்பே வுட மாட்டேன்றீங்களே. அந்த கேப்புலதான் சார் மூளை வேலை செய்யும்."

என் வாயை நான் என்ன செய்வேன்? கோஷ்டியில் எதிரெதிராக இரண்டு வரிசை நிற்போம். ஒரு வரிசை விடுகிற இடத்தில் மறு வரிசை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது என் குரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் சத்தம் அறுந்தால் அவமானம். சின்ன வயதில் அதற்காக அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். நாற்பது வருஷமாக எங்கே மௌனம் விழுந்தாலும் என் வாய் தானாகப் போய் நிரப்பிவிடுகிறது. வீட்டிலும் அதே கதை. "கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. நடுவுல நான் எதுக்கு?" என்று அவள் எழுந்து போய்விடுவாள். இப்படிச் சண்டையிலேயே இரண்டு வாரம் ஓடிவிட்டது.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் வேறு வழி சொன்னாள். வாத்தியம் குறைவாகவும் தாளம் தெளிவாகவும் இருக்கிற பாட்டாகப் பார்த்து, போனிலிருந்து நேராகக் கருவிக்கே அனுப்பலாமாம். நாதஸ்வரம் போட்டேன். "மாவு மில்லு" என்றாள். வீணை போட்டேன். "ஆணி அடிக்கறாப்ல இருக்கு" என்றாள். அப்போதுதான் அந்த ஆல்பம் ஞாபகம் வந்தது.

சித்தூரில் காலேஜ் படித்தபோது கூடப் படித்தவன் ஒருவனிடம் ஒரு கேசட் இருந்தது. இங்கிலாந்துப் பையன்கள் சிலர் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம். கிதார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, எல்லாமே சின்தசைசர். ஒற்றை விரலால் வாசித்த மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையில் காப்பி எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, அட்டையில் 'இங்கிலீஷு மெஷின் பாட்டு' என்று தெலுங்கில் எழுதிக் கொடுத்தார். அப்பா கோயிலுக்குக் கிளம்பிய பிறகுதான் வீட்டில் அதைப் போடுவேன். கோஷ்டியில் யார் குரலும் தனியாகத் தெரியக்கூடாது. இந்தப் பாட்டுகளிலோ ஒவ்வொரு ஒலியும் தனியாக நிற்கும், நடுவில் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் எனக்கு ஒரு நிம்மதி. கல்யாணமான புதிதில் இவளுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மிக்ஸியே தேவலை" என்று அணைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவளிடம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போனில் அந்த ஆல்பத்தைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். பாட்டு அவள் காதுக்குள் மட்டும் ஓடியது. எனக்குக் கேட்டது மின்விசிறிதான். முதலில் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு கீரையை வைத்துவிட்டாள். வலது கை ஆள்காட்டி விரல் மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. டிக், டிக், டுப். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். விரலைப் பார்த்தே எந்த இடம் என்று தெரிந்தது.

ஓரிடத்தில் எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றுவிடும். நாலு எண்ணிக்கைக்கு ஒன்றுமே இருக்காது. பாட்டின் பிற்பாதியில் வருவது, அவள் கேட்டதே இல்லை. அந்த இடம் வந்தது. அவள் விரல் அந்தரத்தில் நின்றது. என் வாய் பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரல் இறங்கியது. அவளுக்குக் கேட்கிறது. சத்தம் மட்டுமில்லை, சத்தம் நின்றதும் கேட்கிறது.

"இது மட்டும் அப்படியே இருக்கே!" என்றாள். "மத்ததெல்லாம் மெஷினா மாறிடுத்து. இது மொதல்லேர்ந்தே மெஷின்தானே, மாறறதுக்கு என்ன இருக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் ஆல்பம், அரை மணி நேரம் வார்த்தைப் பயிற்சி. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மனதுக்குள் நாலு எண்ண நான் பழகினேன். நாற்பது வருஷப் பழக்கத்தை அந்தப் பையன்கள்தான் மாற்றினார்கள் என்றால் எங்கள் கோஷ்டியில் யாரும் நம்ப மாட்டார்கள். என் குரல் இன்னும் பாதி நான், பாதி வேறு யாரோ என்றாள். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அவள் சொன்ன மாதம் முடிகிற நாள். வழக்கம்போல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் வார்த்தைப் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, "கழட்டி வெச்சுடலாமா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. நாலு எண்ணினேன். எட்டு எண்ணினேன். கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"வேண்டாம்" என்றாள். "இருக்கட்டும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூக்கை உறிஞ்சாதேங்கோ" என்றாள். "அதுவும் கேக்கறது."