புத்தகப்பையும் முகநூல் படமும்

பள்ளத்தூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். போன ஜூனில் ஒருவர் புத்தகப்பை கொடுக்க வந்தார். பிள்ளைகளின் குடும்ப விவரம் கேட்டார். யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தைப் போட்டு, ‘குடிகாரத் தகப்பனின் மகளுக்கு உதவினோம்’ என்று முகநூலில் எழுதியிருந்தார். பள்ளியில் எல்லோரும் கேலி செய்ய, அவள் வீட்டிலேயே முடங்கிவிட்டாள்.

அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். “பை குடுத்தீக, சரி. எங்க மானத்தை ஏன் டீச்சர் வாங்குனீக?”

உடனே அந்த மனிதருக்குப் போன் செய்தேன். “படம் போடாட்டி அடுத்து யாரு உதவுவா?” என்றார்.

“உங்க மகளை இப்படிப் போடுவீகளா?” என்று கத்தினேன். அதன்பிறகே நீக்கினார். அவள் பள்ளிக்குத் திரும்ப மூன்று வாரமானது.

இப்போதெல்லாம் பிள்ளைகளின் வீட்டுக் கதையை யாரிடமும் சொல்வதில்லை. படம் எடுத்தே தீருவேன் என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.