கிளறாவும் சாய்ந்த சுவரும்

சீமெந்துக் கலவையை மண்வெட்டியால் புரட்டும்போது கிளறா அதோடு சண்டை பிடிப்பார். "என்ன, இண்டைக்கும் தண்ணி காணாதோ உனக்கு?" என்பார். பக்கத்தில் நிற்கும் இத்தாலியர்களோடும் அதே தமிழ்தான். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. கேட்ட சாமானை மட்டும் சரியாக எடுத்துக் கொடுப்பார்கள்.

மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்தவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். கிழமை நாட்களில் நகர நடுவே பொலிதேயாமாவில், சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடும் ஒரு எசமானியம்மாவின் வீட்டில் சமைப்பது, துடைப்பது, சட்டைகள் அயன் பண்ணுவது. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து நகர ஓரத்துப் பிரான்காச்சோவுக்கு வந்துவிடுவார். தொண்ணூற்றாறின் மாரி வெள்ளத்தில் இங்குள்ள பங்குப் பள்ளிக்கூடத்தில் பாதி இடிந்துபோனது. சம்பளமில்லாமல் அதைத் திரும்பக் கட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

"லீவு நாளிலையும் ஏனக்கா முறியிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ரை பிள்ளையள் அங்கை அகதி முகாமிலை மரத்துக்குக் கீழை இருந்து படிக்குதுகள். அதைக் கட்ட எனக்கு வழியில்லை. இதையெண்டாலும் கட்டுவம்."

சாப்பாடு எப்போதும் நின்றபடிதான். பொலிஸ் வண்டியின் சத்தம் கேட்டால் கோப்பையோடு உள்ளே போய்விடுவார். இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெசோ அவருக்கு முடிந்து ஒரு வருடமாகிறது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, விடாத மழைக்குப் பிறகு, பழைய பின்சுவர் முற்றத்துப் பக்கம் சாயத் தொடங்கியது. முண்டுகொடுத்திருந்த மரங்களை இறுக்கக் குனிந்தான் டெனிஸ்டன்; துறைமுகத்தில் சாமான் இறக்குகிற இளைஞன். மேல்வரிசைக் கற்கள் சரிந்து அவன் காலை அமுக்கின. நாங்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். கிளறா ஓடவில்லை. வழுக்கத் தொடங்கிய மரமொன்றுக்குத் தோளைக் கொடுத்து நின்றுவிட்டார்.

பாதிரியார் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசிக்குப் பறந்தார். அவர்களோடு யார் வருவார்கள் என்பது டெனிஸ்டனுக்குத் தெரியும்.

"கிளறாக்கா, நீங்கள் போங்கோ! பொலிஸ் வரப்போறாங்கள்."

"வாயை மூடு. கால்விரல் அசையுதோ?"

"ஓம்..."

"அப்ப சும்மா கிட. நான் விட்டா மிச்சமும் உனக்கு மேலைதான்."

வெட்கத்தோடு திரும்பிப் போய் அவர் பக்கத்தில் நானும் தோள் கொடுத்தேன். சுவருக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளறாவின் கழுத்து நரம்பு புடைத்து நடுங்கியது. வாய் செபம் சொன்னது. இடையிடையே சுவரையும் ஏசியது. "நில்லடா. இன்னும் கொஞ்சம் நில்லு."

தீயணைப்பு வீரர்கள் இரும்புத் தூண் வைத்து இறுக்கிய பிறகுதான் அவரை அங்கிருந்து விலக்க முடிந்தது. டெனிஸ்டனின் கால் முறிந்திருந்தது; இப்போது கெந்திக் கெந்தி நடக்கிறான். கிளறாவின் பெர்மெசோ விடயம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் கிடக்கிறது. பாதிரியார் பிடித்துக் கொடுத்த வழக்கறிஞர் போய்வருகிறார். முடிவு இன்னும் வரவில்லை.

அன்று டெனிஸ்டனை வண்டியில் ஏற்றியதும் ஒரு இளம் பொலிஸ்காரர் அங்கு நின்றவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். பின்பக்கக் கேற் திறந்தே கிடந்தது.

"இப்ப போங்கோ அக்கா. ஒருத்தரும் பாக்கேல்லை" என்று காதுக்குள் சொன்னேன்.

"எப்பிடி விழுந்ததெண்டு கேப்பாங்கள். கிட்ட நிண்டு கண்டது நான்தானே."

பொலிஸ்காரர் அவரிடம் வந்தார். பெயரைக் கேட்டார்; எழுதினார்; வெட்டினார்; திரும்பக் கேட்டார். கிளறா சீமெந்து படிந்த கையைப் பாவாடையில் துடைத்தார். பொலிஸ்காரரின் பேனாவை வாங்கி, தன் முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுத்து எழுத்தாகத் தானே எழுதிக் கொடுத்தார்.