கயல்விழி பிடித்த புரோக்கர்

பீளமேட்டில் ஒரு மாடியில், ஏழு பெண்களை வைத்துக்கொண்டு பல்செட் செய்யும் லேப் நடத்திவந்தாள் கயல்விழி. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர்கள் வார்த்து, தேய்த்து, பல் வரிசை கட்டிக் கொடுப்பார்கள். ஒன்பது வருடம் ஓடியது. கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று வீட்டுக்காரர் நான்கு மாதம் கெடு கொடுத்தார்.

அந்த வட்டாரத்தில் இடம் என்றால் புரோக்கர் கந்தப்பன்தான். அவர் காட்டிய இரண்டாவது இடத்தின் படியிறங்கும்போது கயல்விழி கேட்டாள்.

“ஏனுங்க, பில்டிங்காரர்கிட்டயும் கமிஷன் வாங்குவீங்களா?”

“ரெண்டு பக்கமும் வாங்கறதுதானுங்க அம்மணி வழக்கம்.”

“அப்ப பேச்சுன்னு வந்தா யாரு பக்கம் நிப்பீங்க?”

கந்தப்பன் சிரித்தார். “இருவது வருசத்துல இதை யாரும் கேட்டதில்லீங்க.”

“நான் கேட்டுப்போட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

லோகப்பிரியாவைப் பற்றிச் சொன்னது ஒரு டாக்டர். வாடகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வேலை பார்க்கும் புரோக்கர் அவள். கட்டடக்காரரிடம் ஒரு பைசா வாங்கமாட்டேன் என்று எழுதியே கொடுத்தாள். கயல்விழி அந்தக் காகிதத்தைப் பெரிதாக நினைக்கவில்லை. வந்த அன்று லோகப்பிரியா எந்த இடத்தையும் காட்டாமல் அரை நாள் லேபிலேயே உட்கார்ந்து, பிளாஸ்டர் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, பல் சுடும் சூளைக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும், பெண்கள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள் பாருங்கள், அதற்காகத்தான் கயல்விழி அவளைப் பிடித்தாள்.

இருவருக்கும் பிடித்த ஓர் இடத்தின் முதலாளி, ஒப்பந்தத்தை நீட்டும் முன், “உங்களுக்கு எந்த ஊருங்க? அப்பா என்ன பண்றாருங்க?” என்றார்.

அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கயல்விழிக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். “பொள்ளாச்சிப் பக்கமுங்க. அப்பாவும் அம்மாவும் தோப்புல கூலிக்குத் தேங்கா உரிச்சாங்க. நான் பல்லுச் செய்யறேனுங்க. வேற ஏதாச்சும் தெரியோணுங்களா?”

அவர் ஒப்பந்தத்தை நீட்டினார். ஒரு மாத அறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை ஆறு மாதமாக்கச் சொன்னாள் லோகப்பிரியா.

முதலாளி கயல்விழி பக்கம் திரும்பினார். “இவங்கள உட்டுப்போட்டு நீங்க மட்டும் வாங்க, பேசிக்கலாம்.”

“அவங்க வராத எடத்துக்கு நானும் வரமாட்டேனுங்க.”

அதன்பின் கயல்விழி வம்புக்காரி என்று பேச்சுப் பரவியது. போன் செய்தாலே இடம் போய்விட்டது என்றார்கள். கெடுவில் ஐந்து வாரம் மிச்சமிருந்தபோது லோகப்பிரியாவே தளர்ந்துபோனாள்.

“அக்கா, அந்த ஆறு மாச வரியை விட்டுக்குடுத்தறலாமுங்களா?”

“விட்டுக்குடுக்கறதுக்கு நீங்க எதுக்குங்க? அதை நானே செஞ்சிருப்பனே.”

லோகப்பிரியா முகம் சிவந்து எழுந்து போனாள். பத்து நாள் அவளிடமிருந்து பேச்சே இல்லை. பதினோராம் நாள், சவுரிபாளையத்தில் பம்பு செய்துகொண்டிருந்த பழைய பட்டறை ஒன்றைக் காட்டினாள். தகரக் கூரை, வெயிலில் கொதிக்கும். ஆனால் கரண்டும் சாக்கடையும் தயாராக இருந்தன. உரிமையாளர் சின்னாத்தாள் ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாடகையில் இறங்கவே இல்லை. ஐந்து வருடம், ஆறு மாத அறிவிப்பு என்பதற்கு மட்டும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை லேப் சாமான்களோடு டெம்போ பட்டறை வாசலில் வந்து நின்றது. பட்டறைக் காவல்காரர் கேட்டில் ஒரு கதவை மட்டும் திறந்தார்.

“ரெண்டையும் தொறங்க” என்றாள் கயல்விழி. “அஞ்சு வருசத்துக்கு இங்கதான் இருக்கப்போறோம்.”