அக்காவின் வீட்டுப் பத்திரமும் என் கையெழுத்தும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மைவிட்டுப் போய் இந்த ஆனியோடு ஓராண்டு முடிகிறது. அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி அக்கா மகள் போபாலிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். நல்லதை மட்டும் எழுதி முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அக்காவின் கடைசி இரண்டு வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. அது யார்மேல் என்பதையும் எழுதுகிறேன்.

அக்கா பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். எங்கள் அம்மா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு வந்த அன்றே அடுப்படிக்குள் போனவர். பத்தொன்பதில் நல்லம்பள்ளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். தாலி கட்டிய மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனார். மாமா அதற்கு ஒரு சொல் சொன்னதில்லை. போர்வெல் வண்டியில் வேலை பார்த்த அவர், பல மாதம் வெளிமாநிலத்திலேயே கிடப்பார். மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலோடு வந்தவர், பிறகு வண்டி ஏறவே இல்லை. வந்த பத்தாம் நாள் இறந்துபோனார்.

அப்போதுதான் அப்பா, தான் வாங்கிப் போட்டிருந்த வீட்டு மனையை, "இது உனக்கும்மா, கட்டிக்கிட்டு இரு" என்று அக்காவிடம் கொடுத்தார். வாய்வார்த்தைதான். எழுதி வைக்கவில்லை. கேட்கவேண்டும் என்று அக்காவுக்கும் தோன்றவில்லை. அந்த மனையிலேயே வீடு கட்டிக் குடியேறினார்.

அக்கா அந்த ஊர் கிளைத் தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். பென்ஷன் வாங்க வரும் முதியவர்களுக்குப் படிவம் நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டுக் கொடுப்பார். எத்தனை பேருடைய விண்ணப்பங்கள் அவர் கையால் கரையேறின என்பதை இதைப் படிக்கிற நீங்களே சொல்வீர்கள். அப்படிப்பட்டவருடைய சொந்தக் காகிதம் மட்டும் கரையேறாமல் கிடந்தது.

மகள் வங்கி வேலைக்காகப் போபால் போனாள். அங்கேயே ஒருவரை மணந்துகொண்டாள். நம் ஆட்களில் பாதிப்பேர் அந்தத் திருமணத்துக்கு வரவில்லை என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அக்கா ஓய்வு பெற்ற மாதத்திலேயே முடிவு செய்துவிட்டார். இங்கிருக்கும் வீட்டை விற்பது, மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய வீடு வாங்குவது, அங்கேயே இருந்துவிடுவது.

சேதி தெரிந்ததும் பெரியப்பா மகன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்த வயசுல மக வூட்டுல போயி சோறு திங்கணுமா? ஊரு என்ன பேசும்?"

அக்கா அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மக வூட்டுக்கு நான் போவலீங்கண்ணா. என் வூட்டுக்குப் போறேன்."

அதன்பிறகு அந்த அண்ணன் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பேசாமல் இருந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அது வில்லங்கமான இடம் என்று சொல்லி அனுப்பினார். இப்படி முதலில் வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். மூன்றாமவர் வாசல் பார்த்த திசை சரியில்லை என்றார். கடைசியில் கம்பைநல்லூரைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதி வந்தார்கள். சுற்றிப் பார்த்த பத்தாவது நிமிடம், "எங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்கம்மா" என்றார்கள். அக்கா அன்று எனக்குப் போன் செய்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் காகிதம். மனை அப்பா பெயரில் இருந்தது. பட்டாவில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்துக் குறைவு. அப்பாவின் இறப்புச் சான்றிலோ தாத்தாவின் பெயரே தவறு. ஒன்றைத் திருத்தினால் மற்றது பொருந்தவில்லை என்றார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அறுபத்தைந்து வயதுப் பெண்மணி பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று கேட்ட கேள்வியையும், கிடைத்த பதிலையும் மட்டும் எழுதுகிறேன்.

"இது எங்க கையில இல்லீங்கம்மா. கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கணும்."

"யாருங்க ஏத்தணும்?"

"அதத்தான் நீங்க விசாரிக்கணும்."

நிலம் அளப்பவர் வருகிறேன் என்று சொன்ன நாட்களில் வரவில்லை. சொல்லாத ஒரு நாளில் வந்து, வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வீடு பூட்டியிருந்ததற்குக் காரணம், அவரைத் தேடித்தான் அக்கா அலுவலகத்துக்குப் போயிருந்தார். இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. ஆனி மாதம் வாரிசுச் சான்று கைக்கு வந்தது. அதில் வாரிசுகள் இரண்டே பேர். அக்கா, நான். எனக்கு அந்த வீட்டில் பங்கு வேண்டாம் என்று நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் விற்பனை நடந்துவிடும்.

நான் போடவில்லை.

வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "ஆடி போகட்டும்க்கா" என்றேன். ஆவணியில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் என்றேன். புரட்டாசியில் வேண்டாம் என்றேன். ஐப்பசியில் மழை பெய்து என் உரக்கடையில் கூட்டம், நகர முடியாது என்றேன். கார்த்திகையில் கால்வலி. மார்கழியில் யாராவது பத்திரம் எழுதுவார்களா என்று கேட்டேன். இதற்கிடையில் அக்கா, விற்றுவிடப் போகிறோமே என்று கட்டிலையும் பீரோவையும் கொடுத்துவிட்டார். ஒரு பாய், இரண்டு பாத்திரம், ஒரு ஸ்டவ்வோடு அந்த வீட்டில் காத்திருந்தார். வாடகை வீட்டில் இருந்த ஆசிரியர் வாரம் தவறாமல் வந்து, "அவசரம் இல்லீங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்" என்பார். அந்தப் பொறுமையைப் பார்க்கச் சகிக்காமல், அவர் வரும் நேரத்தில் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினேன்.

தை மாதம் ஒரு மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்தார். யூரியா வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து பத்திர நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க கையெழுத்துப் போடறதுன்னு தெரியலியா உனக்கு? பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கறேன், பாரு."

நான் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

"பங்கு வேணுமா? வேணும்னா சொல்லுடா தம்பி. குடுத்துட்டுப் போறேன்."

"எனக்கு எதுக்குக்கா பங்கு? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பறம் என்னதான்டா உனக்கு?"

ஐம்பத்தெட்டு வயது ஆள், பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன்: "நீ போயிட்டா நான் யாருகிட்டக்கா போவேன்?"

அவர் இளகுவார் என்று எதிர்பார்த்தேன். இளகவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"இதச் சொல்றதுக்கு உனக்கு இத்தன மாசமா? ஆபீஸ்காரங்கள வஞ்சேன். அளக்க வந்தவர வஞ்சேன். கடைசில என்னைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருந்தது நீதானா?" சற்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "உனக்குப் பொண்டாட்டி இருக்குது, புள்ளைங்க இருக்குது, கடை இருக்குது. எனக்கு இருக்கறது ஒருத்தி. அவ அங்க இருக்கறா."

வாசல்வரை போய்த் திரும்பினார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துரு. சாப்பிட்டுட்டு வா, நேரமாவும்."

நேரம் ஆகத்தான் செய்தது. முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் அக்காவின் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. மூன்றாம் நாள் முடிந்தது. பட்டா மாற்றமும் மாசியில் முடிந்தது. அடுத்த வாரமே விற்பனைப் பத்திரம் பதிவாகி, ஆசிரியர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். போபால் வீட்டை அக்கா மகள் முன்பே பார்த்து வைத்திருந்ததால், வாங்குவதில் தாமதமில்லை. பங்குனியில் சேலத்தில் ரயில் ஏற்றிவிட்டேன். இரண்டு பெட்டி, ஒரு அரிவாள்மனை, ஒரு பை நிறையப் புளி. அக்கா அழவில்லை. ஜன்னல் வழியாக, "மருந்து மறக்காம சாப்புடு" என்றார்.

அங்கிருந்து அவர் போனில் பேசிய குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "பக்கத்து வூட்டம்மாகூட தெனமும் சாயங்காலம் நடக்கறேன்டா. அவங்க ஹிந்தி பேசறாங்க, நான் தமிழ் பேசறேன். ரெண்டு பேருக்கும் மூட்டுவலி. அதனால எல்லாம் புரிஞ்சுபோச்சு." பேத்தி பள்ளிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருவாளாம். வீட்டுக்கு முன்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாராம். "வந்து பார்றா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். மழை விழுந்து விதைப்பு முடியட்டும், ஆவணியில் வருகிறேன் என்றேன்.

ஆனி இரண்டாம் வாரம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அறுபத்தேழு வயது. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்காகத்தான் காத்திருந்தார்கள். கொள்ளி வைத்தது மகள். அது சரியா என்று இங்கிருந்து போனில் கேட்டவர்களுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: சரிதான்.

அந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அக்காவின் கட்டில். இன்னொன்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுக் கட்டில். பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அக்கா மகள் மொழிபெயர்த்தாள்: "உங்களுக்குத்தான் அந்தக் கட்டிலாம் மாமா. தம்பி ஆவணிக்கு வர்றான்னு தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருந்தாங்களாம்."

அக்கா தன் வீடு என்று போய் வாழ்ந்தது மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. ஆனியிலிருந்து தை வரை நான் இழுத்தது ஏழு மாதம். அலுவலகங்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் யாரும் அக்காவின் கையைப் பிடித்து நடை பழகியவர்கள் இல்லை. நான் அப்படிப் பழகியவன்.

கடைசிவரை பொறுமை காத்த ஆசிரியத் தம்பதிக்கும், மூன்று நாளும் கூடவே நின்ற பத்திர எழுத்தருக்கும், மொழி தெரியாத மாமியாரைத் தன் தாய்போல் பார்த்துக்கொண்ட மருமகனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போபால் வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இந்த வரியை அக்கா மகள் அவருக்கு வாசித்துச் சொல்வாள். அம்மா, என் அக்காவுக்கு உங்களோடு நடக்க இன்னும் ஏழு மாதம் கிடைத்திருக்க வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை. கிடைத்த நாட்களில் ஒரு மாலைகூட அவரைத் தனியாக நடக்க விடாததற்கு உங்களுக்கு நன்றி.