சிவப்பியின் கயிறு

பட்டிப்பொங்கல் காலையில் எங்கள் உப்புவெளி வளவில் சாணம், கற்பூரம், பொங்கிய பால் மூன்றும் கலந்து ஒரு மணம் எழும்பும். நெற்றி முழுக்கத் திருநீறு பூசிய அப்பா அந்த மணத்துக்குள் நின்று, எங்கள் பசு சிவப்பியின் காலில் விழுந்து கும்பிடுவார். துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த அவருக்கு மேலதிகாரியைத் தவிர வேறு யார் காலிலும் விழுந்து பழக்கமில்லை என்பதால், அது எங்களுக்குப் பெரிய காட்சி.

எங்கள் வீடு "சுத்த சைவம்". பக்கத்து வீட்டு மீன்பிடிக் குடும்பம் மீன் பொரித்தால், அப்பா குசினி யன்னலை அடித்துச் சாத்திவிட்டு, "உயிர்க்கொலை செய்யிற சனத்தின்ர காத்தும் எங்களுக்கு வேண்டாம்" என்று அவர்களுக்குக் கேட்கும்படியே சொல்வார். சிவப்பிக்குத் தினமும் கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது அந்தச் சனம்தான். அகிம்சையை அவ்வளவு சத்தமாகக் கடைப்பிடித்த மனிதரை நான் பிறகு எங்கும் காணவில்லை.

எனக்குப் பத்து வயதான வருடம் சிவப்பியின் மடி வற்றியது. இனிக் கன்று போடமாட்டாள் என்று தெரிந்ததும், அதுவரை "கோமாதா"வாக இருந்தவள் அப்பாவின் வாயில் "சும்மா தின்னுற மாடு" ஆனாள். கப்பல்துறை என்ற ஊரிலிருந்து மாட்டு வியாபாரி ஒருவர் வந்தார்.

"நல்ல புல்லுள்ள இடமாப் பாத்து விடும், தம்பி" என்றார் அப்பா.

"ஐயா, நான் இறைச்சிக்குத்தான் கொண்டுபோறன்."

"அது உம்மட விசயம். நான் கேக்கவுமில்லை, நீர் சொல்லவும் வேண்டாம்."

அன்று எங்கள் வளவில் பொய் சொல்லாத ஒரே ஆள் அந்த வியாபாரிதான். விற்கிற மாட்டோடு அதன் கயிற்றைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். ஆகவே அப்பா கயிற்றைப் பத்திரமாகக் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டு, சிவப்பியை மட்டும் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை, வியாபாரியின் புதுக்கயிறு அறுந்து தொங்க, அவள் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றாள். இனி அனுப்பமாட்டார்கள் என்று முழுதாக நம்பி, நான் கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா அவளுக்கு வாழைப்பழம் கொடுத்தார், தொட்டுக் கும்பிட்டார், வியாபாரிக்கு ஆளும் அனுப்பினார். வியாபாரி வந்ததும் சிவப்பி மாமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"நீ கூப்பிட்டால்தான் வருவாள், பிள்ளை. பிடிச்சுக் குடு" என்றார் அப்பா.

"ஏலாது" என்றேன்.

"வாயில்லாச் சீவனை இப்பிடி ஓடவிட்டு வதைக்கிறது பாவமெல்லே?"

நான் கூப்பிட்டேன். அவள் வந்து என் உள்ளங்கையை நக்கிக்கொண்டு நின்றபோது கழுத்தில் கயிறு விழுந்தது. அப்பாவை நினைத்தால் எனக்கு அருவருப்பு. என்னை நினைத்தால் அதைவிட.

இப்போது மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் அண்ணனின் கார் நிற்கிறது. மீன் தின்பவள் என்று அந்த வீட்டில் எனக்குத் தனிக் கோப்பை. இந்த வருடப் பட்டிப்பொங்கலுக்குப் போனபோது, கும்பிட மாடில்லாத குறையைத் தீர்க்க, சாமியறையில் அந்தப் பழைய கயிற்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூவும் சாத்தியிருந்தார் அப்பா.

"இந்தக் கயித்தின்ர மாடு எங்க, அப்பப்பா?" என்று கேட்டாள் அண்ணனின் சின்ன மகள்.

"அவள் சிவபதம் அடைஞ்சிட்டாள், குஞ்சு."

"இல்லையம்மா, நான்தான் பிடிச்சுக் குடுத்தனான்" என்றேன்.

"ஆருக்கு?" என்றாள் அவள்.

அப்பா பூசை மணியை எடுத்துப் பலமாக ஆட்டத் தொடங்கினார்.